பழைய ஹைலக்ஸ் சர்ஃப்பின் ஒட்டோ கியர் பெட்டி: கேபிளை இறுக்கினால் சரியாகுமா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேபிளைப் பற்றிய கேள்வி. நிலாவெளியில் படகு இழுக்கப் பயன்படும் 1994ஆம் ஆண்டு ஹைலக்ஸ் சர்ஃப், 3.0 லீற்றர் 1கேஇசட்-டிஇ டீசல் இயந்திரம். கியர் பெட்டியை ஏற்கனவே ஒருமுறை கழற்றிப் புதிய கிளச் தட்டுகள் போட்டாகிவிட்டது. இருந்தும் ரிவேர்ஸ் போட்டால் சில வினாடிகள் கழித்தே பிடிக்கிறது. முன்னோக்கி ஓடும்போது மூன்றாம் கியர் தாமதமாக, வழுக்கிக்கொண்டு விழுகிறது. ஏற்றத்தில் இயந்திரம் இரைகிறதே தவிர வேகம் ஏறவில்லை. ‘டி’யில் போட்டவுடன் மட்டும் உடனே பிடிக்கிறது. ஒரு மெக்கானிக் கிக்டவுன் கேபிளை (வேகமிதி அமுங்குவதோடு சேர்ந்து இழுபட்டு, இயந்திரத்திலிருந்து கியர் பெட்டிக்குப் போகும் கேபிள்) இறுக்கச் சொல்கிறார், மற்றவர் கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் வேறொரு பெட்டி வாங்கிப் போடச் சொல்கிறார், யார் சொல்வதைக் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். இது வெளியிலிருந்து சரிசெய்யக்கூடிய குறையா, அல்லது மறுபடியும் பெட்டியைத் திறந்தே ஆகவேண்டுமா என்பதே இதற்குள் இருக்கும் கேள்வி. திருகோணமலையில் பல ஆண்டுகளாக இவ்வகைப் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டி வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

உங்கள் வாகனத்தில் இருப்பது ஐசின் நிறுவனம் டொயோட்டாவுக்காகச் செய்த ஏ340 குடும்பத்துப் பெட்டி. அந்தக் குடும்பத்தில் ஏ340எஃப், ஏ340எச், ஏ343எஃப் என்று பல வடிவங்கள் உண்டு. இயந்திர அறைக்குள் உள்ள தகட்டில் உங்களுடையது எது என்று பொறித்திருப்பார்கள். பாகம் வாங்குமுன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு முன் கியர்களும் எந்தெந்தக் கிளச்சால் இயங்குகின்றன என்ற ஒழுங்கு இவை எல்லாவற்றிலும் ஒன்றுதான் என்பதால், கீழே சொல்லும் தர்க்கம் எந்த வடிவத்துக்கும் பொருந்தும்.

அந்த ஒழுங்கைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இப்பெட்டியில் கிளச் என்பது, ஒயில் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ள, ட்ரம் என்னும் உருளைக்குள் இறுகிப் பிடிக்கும் தட்டடுக்கு. முன்னோக்கிப் போகும் எல்லாக் கியர்களுக்கும் சி1 என்னும் முன்னோட்டக் கிளச் வேண்டும். மூன்றாம் கியரில் அதனோடு சி2 என்னும் நேரடிக் கிளச்சும் சேர்ந்து பிடிக்க வேண்டும். ரிவேர்சில் சி1 விலகியிருக்க, சி2 கிளச்சும் பி3 என்னும் பிரேக்கும் பிடிக்கின்றன. ‘எல்’ நிலையில் முதல் கியரில் ஓடும்போது, வேகமிதியை விட்டவுடன் இயந்திரம் வண்டியை இழுத்துப் பிடிப்பதற்கு அதே பி3 வேண்டும். இப்போது உங்கள் வண்டியின் அறிகுறிகளை இதன்மேல் வைத்துப் பாருங்கள். ‘டி’யில் உடனே பிடிக்கிறது, ஆகவே சி1 நன்றாக இருக்கிறது, பம்ப் தரும் அழுத்தமும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. மூன்றாம் கியரும் ரிவேர்சும் சேர்ந்து கெட்டிருக்கின்றன. அவை இரண்டுக்கும் பொதுவானது சி2. மிச்சம் இருப்பது பி3 மீதான சந்தேகம் மட்டுமே. அதைத் தீர்க்க, ஆளில்லாத ஒரு சமதளப் பாதையில் ‘எல்’ போட்டு மெதுவாக ஓடி, வேகமிதியைச் சட்டென்று விடுங்கள். வண்டி இயந்திரத்தின் பிடியில் இழுபட்டு நின்றால் பி3 வேலை செய்கிறது. குறை சி2 வழியில்தான். விட்டவுடன் நியூட்ரலில் உருளுவதுபோல் ஓடினால் பி3யையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் கியர் வழுக்கும்போது இயந்திரம் கட்டில்லாமல் ஓடிவிடுகிறதா, அல்லது இரண்டாம் கியரில் இருப்பதுபோல் இரைகிறதா என்பதையும் கவனியுங்கள். இந்தப் பெட்டியில் இரண்டாம் கியரை எஃப்1 என்னும் ஒருவழிக் கிளச் தாங்குகிறது. சி2 பிடிக்கத் தவறினாலும் அது விட்டுக்கொடுக்காது. வண்டி இரண்டாம் கியருக்கே திரும்பி நிற்கும். ‘ஏற்றத்தில் இரைச்சல் கூடுகிறது, ஆனால் வண்டி நிற்காமல் போகிறது’ என்று நீங்கள் எழுதியிருப்பது இதற்கு அப்படியே ஒத்துப்போகிறது. மாறாக, இயந்திரம் நியூட்ரலில் முறுக்குவதுபோல் தனியே ஓடினால், நான் இங்கே சொல்வதை விட்டுவிட்டுச் சி1இலிருந்து தேடத் தொடங்க வேண்டும்.

இனிக் கேபிள். இதைப் பற்றி நம் பகுதியில் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத மிகப் பழைய பெட்டிகளில் அந்தக் கேபிள் எந்த வேகத்தில் கியர் மாற வேண்டும் என்பதையும் தீர்மானித்தது. உங்கள் பெட்டியில் கியர் மாறும் நேரத்தைக் கணினி தீர்மானிக்கிறது. வேகமிதி எவ்வளவு அமுங்கியிருக்கிறது, வண்டி என்ன வேகத்தில் ஓடுகிறது என்று இரண்டு சென்சர்கள் அதற்குச் சொல்கின்றன. கேபிளுக்கு எஞ்சியிருக்கும் வேலை ஒன்றே: இயந்திரம் எவ்வளவு சுமை இழுக்கிறதோ அதற்கேற்ப உள் ஒயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. அதை அளவுக்கு மேல் இறுக்கினால் எல்லா நேரமும் அழுத்தம் கூடியிருக்கும். கியர்கள் இடித்துக்கொண்டு விழும். வழுக்கல் சில வாரங்களுக்கு மறைந்ததுபோல் இருக்கும். உள்ளே ஒரு சீல் கசிந்துகொண்டிருந்தால் அது தொடர்ந்து கசியும், அந்தக் கிளச் தொடர்ந்து எரியும், நீங்கள் அறியமாட்டீர்கள் என்பதே வித்தியாசம். தளர்ந்திருந்தாலும் கேடுதான்: படகு இழுக்கும் சுமையில் போதிய அழுத்தம் இல்லாமல் புதிய தட்டுகளே கருகிவிடும். ஆகவே கேபிளை அளந்து, இருக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். அதை மருந்தாகப் பயன்படுத்தாதீர்கள்.

அளப்பது எளிது. கேபிளின் இயந்திரப் பக்க முனையில், வெளி உறையின் ரப்பர் மூடி முடிகிற இடத்தருகே, உள்கம்பியில் ஒரு சிறு உலோக மணி நசுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து வேகமிதியை அடிவரை அமுக்க, மற்றவர் அந்த மணிக்கும் ரப்பர் மூடியின் விளிம்புக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். அது 0 முதல் 1 மில்லிமீற்றருக்குள் இருப்பதே சரி. இயந்திரத்திலுள்ள நெம்பைக் கையால் இழுத்து அளக்க வேண்டாம்; காலுக்கடியில் தடித்த பாய் கிடந்தாலோ வேகமிதிக் கம்பி நீண்டிருந்தாலோ மிதி அடிவரை போகாது, கையால் இழுக்கும்போது அது தெரியாமல் போய்விடும்.

பெட்டியைத் திறக்கத் தீர்மானிக்குமுன் செலவில்லாத சில சோதனைகளைச் செய்துவிடுங்கள். முதலாவது ஒயில். நல்ல சூடான பின், சமதளத்தில், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில், எல்லா நிலைகளிலும் செலக்டரைப் போட்டு மீண்டும் ‘பி’க்கு வந்து, குச்சியில் சூட்டு அடையாளத்துக்குள் மட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒயிலை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு மோந்தும் பாருங்கள். கருகிய வாடையும் கறுப்புத் துகளும் இருந்தால் புதிய தட்டுகள் ஏற்கனவே எரியத் தொடங்கிவிட்டன. பாலில் சிவப்புச் சாயம் கலந்ததுபோல் இளஞ்சிவப்பாக, கலங்கலாக இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒயில் கூலர் அரித்து, தண்ணீர் பெட்டிக்குள் போயிருக்கிறது. கூலன்ட் ஊற்றாமல் வெறும் கிணற்றுத் தண்ணீரிலேயே ஓடிய வண்டிகளில் இதைக் கண்டிருக்கிறேன். தண்ணீர் பட்ட கிளச் தட்டில் உராய்வுப் படலத்தை ஒட்டியிருக்கும் பசை விட்டுவிடும். அதன்பின் ஒயில் மாற்றுவதால் பயனில்லை.

இரண்டாவது, மின்சாரப் பக்கம். குறை கண்டறிவதற்கான டயக்னோசிஸ் இணைப்புப் பெட்டியில் டிஇ1, இ1 ஆகிய இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், ‘ஓவர்டிரைவ் ஓஃப்’ விளக்கு சிமிட்டிக் குறியீடு சொல்லும். 61 என்றால் வேக சென்சர். 62, 63 என்றால் கியர் மாற்றும் சொலனொயிட்டுகள், அதாவது கணினி மின்சாரத்தால் இயக்கும் ஒயில் வால்வுகள். 64 என்றால் லொக்கப் சொலனொயிட். சொலனொயிட் ஒவ்வொன்றும் 11 முதல் 15 ஓம் காட்ட வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு: சொலனொயிட் கொனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. அப்போது கணினிக்குப் பெட்டியின்மேல் அதிகாரம் இல்லை; ‘எல்’ முதல் கியரையும், ‘2’ மூன்றாம் கியரையும், ‘டி’ ஓவர்டிரைவையும் கொடுக்கும். ‘எல்’லில் கிளம்பிச் சற்று வேகம் எடுத்தபின் ‘2’க்கு மாற்றுங்கள். கணினியின் தலையீடே இல்லாத இந்த நிலையிலும் மூன்றாம் கியர் வழுக்கினால், குறை கம்பியிலோ கணினியிலோ இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். சோதனை முடிந்ததும் கொனெக்டரை மாட்டிக் குறியீட்டை அழித்துவிடுங்கள்.

மூன்றாவது, நேர அளவு. ஒயில் சூடாக, கைப்பிரேக் போட்டு, நியூட்ரலிலிருந்து ‘டி’க்கு மாற்றினால் 1.2 வினாடிக்குள்ளும், ரிவேர்சுக்கு மாற்றினால் 1.5 வினாடிக்குள்ளும் பிடித்ததற்கான அதிர்வு வரவேண்டும். ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஸ்டோல் சோதனை, அதாவது பிரேக்கை முழுவதும் மிதித்தபடி வேகமிதியை அடிவரை அமுக்கிப் பார்ப்பது, உங்கள் நிலையில் ரிவேர்சில் வேண்டவே வேண்டாம். எஞ்சியிருக்கும் தட்டுகளும் போய்விடும். ‘டி’யில் செய்வதானாலும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்னால் யாரும் நிற்காமல், 5 வினாடிக்கு மேற்படாமல் செய்ய வேண்டும். பதிலாக, பெட்டியின் பக்கத்திலுள்ள அடைப்பானைக் கழற்றி அழுத்தமானி பொருத்தி, ஐடிலில் ‘டி’யிலும் ரிவேர்சிலும் அளவெடுங்கள். ரிவேர்சில் அழுத்தம் ‘டி’யைவிடத் தெளிவாகக் கூடியிருக்க வேண்டும். கூடியிருந்தும் ரிவேர்ஸ் வழுக்கினால், பம்ப் தரும் ஒயில் சி2 கிளச்சின் பிஸ்டனுக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் அங்கே நிற்கவில்லை.

இதுவரை சொன்னதில் உறுதியானது இது: சோதனைகள் நான் எதிர்பார்ப்பதுபோல் அமைந்தால் குறை சி2 வழியில் இருக்கிறது, வெளியில் எந்தத் திருகைத் திருப்பினாலும் அது போகாது. அந்த வழியில் எந்த இடம் என்பதை இங்கிருந்தபடி என்னால் சொல்ல முடியாது. இருப்பினும், அண்மையில் பூட்டிய பெட்டி என்பதால் சில இடங்களை முதலில் சந்தேகிக்கிறேன். பிஸ்டனின் ரப்பர் சீலை ட்ரமுக்குள் இறக்கும்போது அதன் உதடு மடிந்தோ வெட்டுப்பட்டோ போயிருக்கலாம். சி2 ட்ரம் வந்து அமரும் ஓவர்டிரைவ் சப்போர்ட்டின்மேல் உள்ள சீல் வளையம் உடைந்திருக்கலாம், அல்லது அந்த வளையம் உரசி ட்ரமுக்குள் பள்ளம் விழுந்திருக்கலாம். ஒயிலை அந்தந்தக் கிளச்சுக்குத் திருப்பிவிடும் வால்வுத் தொகுதியான வால்வ் பொடிக்கு மேலே, பெட்டியின் உடலில் இருக்கும் சி2 அக்யுமுலேட்டரின் (கிளச் இடிக்காமல் பிடிக்க அழுத்தத்தை மெதுவாக ஏற்றும் பிஸ்டன்) ஓ-வளையம் கசியலாம். அல்லது அங்குள்ள ஸ்பிரிங்குகள் இடம் மாறிப் பூட்டப்பட்டிருக்கலாம். நான் கடைசியாக வைத்திருந்தாலும் அடிக்கடி காண்பது ஒன்றுண்டு: தட்டுகளை மாற்றினார்கள், ஆனால் தட்டடுக்கில் விடவேண்டிய இடைவெளியை அளக்கவில்லை.

அந்த இடைவெளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். புதிய உராய்வுத் தட்டுகளையும் இரும்புத் தட்டுகளையும் மாறிமாறி அடுக்கி ஸ்னாப் ரிங்கைப் போட்டவுடன் வேலை முடிந்ததாக நினைப்பவர்கள் பலர். முடியவில்லை. ட்ரமை அதன் சப்போர்ட்டின்மேல் வைத்து, ஒயில் துளை வழியாக 4 முதல் 8 கிலோ வரை காற்றழுத்தம் கொடுத்து, பிஸ்டன் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று டயல் கேஜில் பார்க்க வேண்டும். காற்றுக் கொடுத்ததும் ‘டொக்’ என்று ஒரு கனமான ஓசையோடு தட்டுகள் இறுகி, காற்றை எடுத்ததும் அதேபோல் விடவேண்டும். ‘புஸ்ஸ்’ என்று காற்று தொடர்ந்து கசிந்தால் சீலை மறுபடி பாருங்கள். நகர்வு கூடினால் பிஸ்டன் முழுத்தூரம் போய்ச் சேர நேரமாகும். நீங்கள் சொல்லும் தாமதம் அதுவே. குறைந்தால் தட்டுகள் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். சரியான அளவு தட்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறும் என்பதால் உங்கள் குறியீட்டுக்கான கையேட்டில் உள்ளதையே எடுங்கள். கடைசியில் வரும் தடித்த தட்டை வேறு தடிமனில் போட்டுத்தான் இதைச் சரிப்படுத்துவது. நம் கடற்கரைக் காற்றின் ஈரம் கம்பிரசர் தொட்டியில் தண்ணீராகத் தேங்கும். ட்ரமுக்குள் காற்று அடிக்குமுன் அந்தத் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

பெட்டி மேசைக்கு வந்துவிட்டால் மற்றவற்றையும் அளந்துவிடுவதே நல்லது. ஒயில் பம்பின் பெரிய பற்சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையிலான இடைவெளி 0.3 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. பக்க இடைவெளி 0.1 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. இரண்டாம் கியரின் பிரேக் பட்டியை அமுக்கும் பிஸ்டன் 1.5 முதல் 3.0 மில்லிமீற்றர் வரை நகரவேண்டும். புதிய உராய்வுத் தட்டுகளை உலர்ந்தபடி பூட்டாமல், குறைந்தது 15 நிமிடமாவது ஒயிலில் ஊறவிட வேண்டும். நான் வேலையைத் தொடங்கும் முன்னரே ஊறப்போட்டுவிடுவேன். வாஷர்களையும் பெயரிங் வளையங்களையும் இடத்தில் ஒட்டி நிறுத்துவதற்கு வாசலின் போதும். சக்கரத்துக்குப் போடும் கிரீஸ் ஒயிலில் கரையாமல் கட்டியாகி நுண்துளைகளை அடைத்துவிடும். வால்வ் பொடியைப் பிரித்தால், திரொட்டில் வால்வின் தண்டில் மெல்லிய வளையங்கள் சில இருக்கின்றனவா, எத்தனை இருக்கின்றன என்று பார்த்து எழுதி வையுங்கள். அழுத்தம் அந்த எண்ணிக்கையைப் பொறுத்தே அமைகிறது, சில பெட்டிகளில் அவை இருப்பதே இல்லை. பிரித்தவர் ஒன்றைத் தொலைத்திருந்தால் கேபிளை எவ்வளவு சரியாக அளந்தாலும் அழுத்தம் சரியாக வராது.

முதல் முறை பெட்டியைத் திறந்தபோது கூலரையும், இயந்திரத்தின் வலுவை ஒயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கொன்வேட்டரையும் என்ன செய்தார்கள் என்று அந்தக் கராஜில் கட்டாயம் கேளுங்கள். எரிந்த தட்டின் துகள் பெட்டிக்குள் மட்டும் நிற்பதில்லை. கொன்வேட்டரை வெட்டித் திறக்காமல் உட்பக்கத்தைச் சுத்தமாக்க முடியாது. கூலரின் குறுகிய வழிகளில் சிக்கியது புதிய ஒயிலோடு திரும்பி வரும். ஒயில் ஓடும் திசைக்கு எதிர்த் திசையில் மண்ணெண்ணெயும் காற்றும் விட்டுக் கழுவி, வரும் திரவம் தெளிந்தால் சரி. தெளியாவிட்டால் ரேடியேட்டரை மாற்றுவதுதான் வழி. கொன்வேட்டரைத் திரும்பப் பூட்டும்போது அது பம்பின் பற்களில் முழுவதும் இறங்கிவிட்டதா என்று பெட்டியின் முகப்பிலிருந்து ஆழம் அளந்து உறுதிசெய்யுங்கள். இறங்காத நிலையில் போல்ட்டை இறுக்கி இயந்திரத்தோடு இழுத்தால் பம்ப் அந்த இடத்திலேயே வெடித்துவிடும்.

பஞ்சிகாவத்தைப் பெட்டியைப் பற்றி என் கருத்து இது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மறுபடி அனுமதிக்கப்படும்வரை பழைய வண்டிகளைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் நல்ல பழைய பெட்டி ஒன்று கிடைப்பதும் கடினமானது. அங்கே கிடைக்கும் பெட்டி என்ன நிலையில் கழற்றப்பட்டது என்று விற்பவருக்கே தெரியாது. வாங்குவதானால் அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது இயல்பு. பளபளக்கும் சீவல்களோ, தட்டின் மூலையில் கறுப்புப் படலத் துண்டுகளோ இருந்தால் பணத்தோடு திரும்பி வந்துவிடுங்கள். ஏ340எச் பெட்டியில் நான்கு சக்கர இயக்கப் பகுதியும் ஒயில் அழுத்தத்தால் இயங்குவது. அது ஏ340எஃப் இருந்த இடத்தில் அப்படியே அமராது. உங்கள் பெட்டியின் முக்கிய பாகங்கள் உடையவில்லை, ஒரு கிளச் வழிதான் கெட்டிருக்கிறது என்ற நிலையில், தெரியாத பெட்டியைவிடத் தெரிந்த பெட்டியைத் திறந்து அளந்து பூட்டுவதையே நான் தேர்ந்தெடுப்பேன். உள்ளிருக்கும் பற்சக்கரங்களான கிரகச் சக்கரத் தொகுதியோ பெட்டியின் உடலோ உடைந்திருந்தால் அந்தக் கணக்கு மாறும்.

இறுதியாக, இந்தப் பெட்டி முதலில் ஏன் எரிந்தது என்பதற்கான விடை பெரும்பாலும் உங்கள் தொழிலில்தான் இருக்கிறது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவுக்குப் போய்வந்த படகைக் கரையில் இழுக்கும்போது சக்கரம் மணலில் புதைந்து, வண்டி நகராமல் நிற்க, வேகமிதி அடிவரை அமுங்கியிருந்தால் உள்ளே நடப்பது ஸ்டோல் சோதனையேதான். 5 வினாடிக்கு மேல் செய்யக்கூடாத அதை மணலில் நிமிடக் கணக்கில் செய்கிறோம். இயந்திரத்தின் வலு முழுவதும் கொன்வேட்டரில் சூடாக மாறி ஒயிலைக் கருக்குகிறது. படகு இழுக்கும்போது நான்கு சக்கர லோ ரேஞ்சில், செலக்டரை ‘எல்’லில் வைத்து, டயர்க் காற்றைக் குறைத்துக்கொண்டு இழுங்கள். வண்டி நகரவில்லை என்றால் மிதிப்பதை நிறுத்திவிட்டு மண்வெட்டியை எடுங்கள். ரிவேர்சில் படகைத் தள்ளுவதை முற்றாக விட்டுவிடுங்கள். அந்தச் சுமை முழுவதும் சி2வின் மேல் விழுகிறது. ரேடியேட்டர்க் கூலருக்குப் பின் தொடராக, காற்றுப் படும் இடத்தில் தனியாக ஒரு ஒயில் கூலரைப் பொருத்துவதும் இந்த வேலைக்கு ஆடம்பரமாகாது. பெட்டியின் மூச்சுக் குழாய் எங்கே முடிகிறது என்றும் பாருங்கள். கடல்நீரில் பின்பக்கத்தை இறக்குகிறீர்கள் என்றால் அது இயந்திர அறையின் மேற்பகுதிவரை உயர்த்தப்பட்டிருக்க வேண்டும்.

‘எல்’லில் இயந்திரப் பிடி இருக்கிறதா, கொனெக்டரைக் கழற்றி ‘2’இல் ஓட்டியபோது என்ன நடந்தது, ஐடிலில் ‘டி’க்கும் ரிவேர்சுக்கும் அழுத்தமானி என்ன காட்டியது: இந்த மூன்றையும், தகட்டில் உள்ள பெட்டிக் குறியீட்டையும் எழுதினால், திறந்தவுடன் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதை இன்னும் குறுக்கிச் சொல்ல முடியும். அதுவரை அந்த வண்டியால் படகு இழுக்க வேண்டாம்.